கீமோ நேரத்துல காய்ச்சலா? மாத்திரைய கீழ வெச்சுட்டு கிளம்புங்க

அம்மாவுக்கு மூணாவது கீமோ முடிஞ்சு பத்தாம் நாள் ராத்திரி உடம்பு லேசா சுட்டுச்சு, நான் பெரிய டாக்டர் மாதிரி ஒரு பாராசிட்டமால் குடுத்து படுக்க வெச்சுட்டேன். விடிகாலைல கட்டில் ஆடுற அளவுக்கு நடுக்கம்.

விஷயம் என்னன்னா, கீமோ போட்டு 7லேர்ந்து 14 நாளுக்குள்ள தான் பொதுவா வெள்ளை அணு ரொம்ப கீழ போகும், அதுல நியூட்ரோபில் 500க்கு கீழ போயிட்டா கிருமியோட சண்டை போட ஆளே இல்ல. சீழ், சளி எதுவும் சரியா காட்டாது, பல பேருக்கு காய்ச்சல் மட்டும் தான் அடையாளம், அதையும் மாத்திரை போட்டு அமுக்கிட்டா என்ன மிஞ்சும்?

டிஜிட்டல் தெர்மாமீட்டர் வாங்கி தலைமாட்டுலயே வைங்க. ஒரு தடவ 101 காட்டினாலோ, 100.4 ஒரு மணி நேரம் அப்படியே நின்னாலோ ராத்திரி ரெண்டு மணின்னாலும் கிளம்பணும். ஆசனவாய்ல வெச்சு மட்டும் பாக்காதீங்க, அங்க சின்ன கீறல் விழுந்தாலும் கிருமி உள்ள போயிரும். ஸ்டீராய்டு எடுக்கறவங்களுக்கு காய்ச்சலே தெரியாம போகலாம், அதனால நடுக்கம், மயக்கம், மூச்சு வாங்கறதுன்னா சூடு இல்லன்னாலும் போங்க.

கீமோ ஃபைல எடுத்துக்கோங்க. கேஷுவாலிட்டில "காய்ச்சல்"னு மட்டும் சொன்னா டோக்கன் குடுத்து உக்கார வெச்சுருவாங்க, எங்கள அப்படித்தான் முக்கால் மணி நேரம் உக்கார வெச்சாங்க. "கீமோ பேஷன்ட், போட்டு பத்து நாள் ஆச்சு, வெள்ளை அணு கவுன்ட் குறைஞ்சிருக்கலாம்"னு சத்தமா சொல்லுங்க. மருந்து அலர்ஜி இருந்தா அதையும் அப்பவே சொல்லிருங்க.

முதல்ல பிளட் கல்ச்சர் (ரத்தத்துல கிருமி வளருதான்னு பாக்கற டெஸ்ட்) எடுப்பாங்க, போர்ட் (கீமோ ஏத்த தோலுக்கு அடியில வெச்சிருக்கற குழாய்) இருந்தா அதுலேர்ந்து ஒண்ணு, கைலேர்ந்து ஒண்ணு. எடுத்த கையோட, ரிப்போர்ட்டுக்கு காத்திருக்காம ஆன்டிபயாடிக் ஏறணும், போய் சேர்ந்து ஒரு மணி நேரத்துக்குள்ள. பிப்பராசிலின்-டாஸோபாக்டம், செஃபிபிம், மெரோபெனம் இந்த மாதிரி ஒண்ணு போடுவாங்க. "எடுத்த உடனே இவ்ளோ ஸ்ட்ராங்காவா?"ன்னு எங்க சித்தப்பா டூட்டி டாக்டர்கிட்ட மல்லுக்கு நின்னாரு, சூடோமோனாஸ்னு ஒரு கிருமி இருக்கு, இந்த நிலைமைல அது சில மணி நேரத்துலயே ஆளை சாய்ச்சிரும், அதுக்கும் சேர்த்து தான் அது.

ரிஸ்க் கம்மின்னு டாக்டர் ஸ்கோர் போட்டு பாத்து சில பேர மாத்திரையோட வீட்டுக்கு அனுப்புறதும் உண்டு, ஆனா அத நாம முடிவு பண்ணக் கூடாது, வீட்டுல மிச்சம் கிடக்கற ஆன்டிபயாடிக்க எடுத்துப் போடவே கூடாது. கல்ச்சர்ல ஒண்ணும் வளரலன்னு வந்தா ஊசிய நிறுத்த சொல்லி அவசரப்படாதீங்க, முக்கால்வாசி பேருக்கு அப்படித்தான் வரும். நாலஞ்சு நாள் ஆகியும் காய்ச்சல் விடலன்னா பூஞ்சையான்னு பாக்க சிடி ஸ்கேன் எடுத்து அதுக்கு மருந்து சேர்ப்பாங்க.

டிஸ்சார்ஜ் ஆகறப்போ, அடுத்த கீமோவுக்கு அப்புறம் கவுன்ட் ஏத்தற ஊசி தேவையான்னு மறக்காம கேளுங்க. அம்மாவுக்கு நாலாவதுலேர்ந்து அத போட்டாங்க.