வேலூர் வெயிலில் எம்60 கான்கிரீட்டுக்கு கியூரிங் (ஈரம் காத்தல்)

சித்திரையில் தளம் போட்டுவிட்டு, மறுநாள் காலை பாத்தி கட்டிக்கொள்ளலாம் என்று விட்டுவிடாதீர்கள். எம்60 என்ற அதிக வலிமைக் கான்கிரீட்டில் நீர்–சிமென்ட் விகிதம் 0.30 அளவில் இருப்பதால் மேலே கசியும் நீர் மிகக் குறைவு. சிலிக்கா ஃபியூம் (மிக நுண்ணிய சிலிக்காத் தூள்) கலந்தால் கிட்டத்தட்ட இல்லை; மேற்பரப்பு சீக்கிரம் காய்ந்துவிடும். மட்டப்பலகை இழுத்த கையோடு பாலித்தீன் விரியுங்கள். தாமதித்தால் மயிரிழை வெடிப்பு ஓடும். அதன் வழியே உப்பு கம்பிக்கு இறங்கும்.

இறுகியதும் பாத்தி கட்டி 5 செ.மீ. தண்ணீர். தூணுக்கு ஈரச் சாக்கு சுற்றி, மேலே பாலித்தீன்; சாக்கு ஒருமுறைகூடக் காயக் கூடாது. ஃபிளை ஆஷ் (அனல்மின் நிலையச் சாம்பல்) கலவை என்றால் 14 நாள். கியூரிங் காம்பவுண்டு (மேலே தெளிக்கும் பூச்சு) ஈரத்தை அடைத்து வைக்கும், உள்ளே குறையும் நீரை ஈடுகட்டாது.

தோல் தொழிற்சாலைகள் உள்ள பாலாற்றுப் பகுதியில் கிணற்று நீரைச் சோதியுங்கள்: குளோரைடு லிட்டருக்கு 500 மி.கி. தாண்டினால் வேண்டாம்.