டெல்நெட்டை மூடுங்கள், எஸ்எஸ்ஹெச்சில் கைரேகையைப் பாருங்கள்

உங்கள் ரவுட்டரிலோ பழைய சுவிட்சிலோ டெல்நெட் (தொலைவிலிருந்தே ஒரு கருவிக்குள் நுழைந்து கட்டளை கொடுக்கும் முறை) இன்னும் திறந்திருக்கிறதா என்று இன்றைக்கே பாருங்கள். அதன் வாசல் எண், அதாவது போர்ட், 23. 1969-இல் பிறந்த அந்த முறையில் நீங்கள் தட்டும் ஒவ்வொரு எழுத்தும், பாஸ்வேர்டு உட்பட, மறைக்காமல் அப்படியே போகும். வழியில் மடக்கிப் பிடிப்பவர் அஞ்சலட்டை போலப் படித்துவிடலாம். 1995-இல் ஹெல்சிங்கி தொழில்நுட்பப் பல்கலைக்கழகத்தில் இப்படி பாஸ்வேர்டு திருட்டு நடந்த பிறகுதான் அங்கே ஆய்வாளராக இருந்த டாட்டு இலோனன், அதே வேலையைப் பாதுகாப்பாகச் செய்யும் எஸ்எஸ்ஹெச்சை எழுதினார். அது 22-ஆம் போர்ட், எல்லாமே மறையாக்கம்.

சரி, எஸ்எஸ்ஹெச் வந்தாச்சு, அவ்வளவுதானா? முதல்முறை இணையும்போது சர்வரின் கைரேகையை, அதாவது அதை அடையாளம் காட்டும் எழுத்துத் தொடரைக் காட்டி 'யெஸ்' கேட்கும். பார்க்காமலே தட்டிவிடுவோம், நானும்தான். சர்வரின் கன்சோலில் (அதன் சொந்தத் திரையில்) இருப்பதோடு அதை ஒப்பிடுங்கள். பின்னொரு நாள் 'கைரேகை மாறிவிட்டது' என்று எச்சரித்தால், நீங்கள் சர்வரை மறுபடி நிறுவியிருந்தாலொழிய பாஸ்வேர்டைத் தட்டாதீர்கள்.

அப்புறம், எட்25519 வகைச் சாவி (பாஸ்வேர்டுக்குப் பதிலாக உங்களை அடையாளம் காட்டும் கோப்பு) ஒன்றை உருவாக்கி பாஸ்வேர்டு நுழைவையே நிறுத்திவிடலாம். ஆனால் சாவி வேலை செய்கிறதா என்று இன்னொரு விண்டோவில் பார்க்கும்வரை ஏற்கெனவே உள்ளே நுழைந்திருக்கும் பழைய விண்டோவை மூடாதீர்கள். இல்லையென்றால் சொந்த வீட்டுக்கு வெளியே நிற்க வேண்டியதுதான்.