தகடூர்க் களத்துக்கு நகைச்சுவைப் போர்ப் பழமொழி எழுதும் முறை

கணினி வியூக விளையாட்டில் அடுத்த போர்க்களம் திரைக்கு வருவதற்குள் சில விநாடிகள் ஒரு படமும், அதன் கீழே ஒன்றிரண்டு வரிகளும் நிற்கும். பெரும்பாலும் அந்த வரிகளில் ஏதேனும் ஒரு போர்ப் பழமொழி சிரிப்போடு சொல்லப்பட்டிருக்கும். இன்று தருமபுரி எனப்படும் தகடூரையும் கிருஷ்ணகிரிக் கோட்டையையும் களமாக வைத்து நண்பர்களும் நானும் ஒரு வரைபடத் தொகுப்பு செய்தபோது, படைகளையும் மலைகளையும் அமைப்பதைவிட இந்த வரிகளை எழுதுவதற்குத்தான் அதிக நாள் எடுத்தது. அதில் கற்றுக்கொண்டதை, தமிழில் இப்படி எழுத நினைப்பவர்களுக்காக முறைப்படுத்திச் சொல்கிறேன்.

முதல் பதிப்பில் நாங்கள் எல்லோருக்கும் மனப்பாடமான திரைப்பட வசனங்களை அப்படியே எடுத்துப் போட்டிருந்தோம். காவேரிப்பட்டணத்தில் ஒன்பதாம் வகுப்பு படிக்கும் என் அக்கா மகள் விளையாடிப் பார்த்தாள். முதல் வசனத்துக்குச் சிரித்தாள், இரண்டாவதற்கும் சிரித்தாள், மூன்றாவது வந்ததும் திரும்பிப் பார்த்து, "மாமா, சிரிப்பா இருக்கு. ஆனா நான் இப்ப என்ன செய்யணும்?" என்று கேட்டாள். அந்தக் கேள்விதான் இந்த வேலையின் அடிப்படை. போர்ப் பழமொழி முதலில் விளையாட்டின் ஒரு விதியைச் சொல்ல வேண்டும். சிரிப்பு அந்த விதியின் முதுகில் ஏறி வர வேண்டும். சிரிப்பை நீக்கிப் பார்த்தால் ஓர் அறிவுரையாவது மிஞ்ச வேண்டும். மிஞ்சவில்லையென்றால் அந்த வரியை விட்டுவிடலாம்.

ஆகவே எழுதத் தொடங்கும்போது நகைச்சுவையைத் தேடாதீர்கள். உங்கள் விளையாட்டில் புதிதாக வருபவர் எங்கெங்கே தோற்கிறார் என்பதை ஒரு தாளில் எழுதுங்கள். எங்கள் தாளில் இருந்தவை இவை: வருமானம் பார்க்காமல் யானைப்படை திரட்டுகிறார்கள், வேவு பார்க்காமல் படையை நகர்த்துகிறார்கள், மலைக்கோட்டையை நேராக ஏறித் தாக்குகிறார்கள், துணைப்படையைக் காலம் தாழ்த்தி அனுப்புகிறார்கள். பிறகு ஒவ்வொரு தவற்றுக்கும் பக்கத்தில், அதே தவற்றை அன்றாட வாழ்க்கையில் செய்பவன் எப்படி இருப்பான் என்று யோசித்து, கையால் தொடக்கூடிய ஒரு பொருளைப் பிடியுங்கள். யானைக்குச் செலவு அதிகம் என்று எழுதினால் அது குறிப்பு. "யானையை விலை பேசும் முன் கரும்புத் தோட்டத்தை விலை கேள்" என்று எழுதினால் அது பழமொழி. வேவுக்கு நாங்கள் எழுதியது இது: "குதிரைவீரன் திரும்பி வரவில்லையென்றால் அதுவும் ஒரு செய்திதான்." இதைப் படித்தவர்கள் சிரிக்கிறார்கள். அடுத்த ஆட்டத்தில் குதிரைவீரன் மறைந்த திசையில் எதிரி இருக்கிறான் என்று புரிந்துகொண்டு படையையும் திருப்புகிறார்கள்.

இந்தக் கலைக்கு முன்மாதிரி வேண்டுமானால் தருமபுரிக்காரர்கள் வெளியூர் போக வேண்டியதில்லை. தகடூர் மன்னன் அதியமான் நெடுமான் அஞ்சியின் தூதாகத் தொண்டைமானிடம் போன ஔவையாருக்கு அவன் தன் படைக்கலக் கொட்டிலைக் காட்டுகிறான். அவர் பாடியது புறநானூற்றின் 95ஆம் பாட்டு. இங்கே உள்ள கருவிகள் மயிற்பீலி அணிந்து, மாலை சூடி, நெய் பூசி, காவலுள்ள மனைக்குள் அழகாக இருக்கின்றன. எங்கள் மன்னனுடையவையோ பகைவரைக் குத்தி நுனி முறிந்து கொல்லன் பட்டறையில் கிடக்கின்றன என்கிறார். புகழ்வது போலத் தொடங்கி, பளபளக்கும் வேல் போருக்குப் போகாத வேல் என்ற உண்மையைத் தொண்டைமானின் வாசலிலேயே வைத்துவிடுகிறார். அவர் யாரையும் திட்டவில்லை, ஒரு கொட்டிலையும் ஒரு பட்டறையையும் அடுத்தடுத்து வைத்தார், அவ்வளவுதான். படை திரட்டிக்கொண்டே போய்ப் போரிடாமல் இருக்கும் ஆட்டக்காரரின் நோய் இதுவேதான் என்பதால், நாங்கள் அதற்கு "நெய் பூசிய வேல் அருங்காட்சியகத்துக்கு, நுனி முறிந்த வேல் வரலாற்றுக்கு" என்று எழுதினோம்.

அதே நூலின் 87ஆம் பாட்டும் 104ஆம் பாட்டும் அதியமானைப் பற்றி ஔவையார் பாடியவை. முதலாவதில், ஒரு நாளில் எட்டுத் தேர் செய்யக்கூடிய தச்சன் ஒரு மாதம் உழைத்துச் செய்த ஒற்றைச் சக்கரம் போன்றவன் எங்கள் வீரன் என்கிறார். எண்ணிக்கைக்கும் தரத்துக்கும் இடையே ஆட்டக்காரர் படும் பாட்டை இதைவிடச் சுருக்கமாகச் சொல்ல முடியாது. இரண்டாவதில், ஊர்ச் சிறுவர்கள் ஆடினாலே கலங்கும் சிறு நீரில் களிற்றை வீழ்த்தும் முதலையை எச்சரிக்கையாகக் காட்டுகிறார். நிலப்பரப்புக்கு ஏற்பப் படையின் வலிமை மாறும் விதியைக் கற்றுத்தர வேண்டிய இடத்தில் இந்தப் படிமத்தை வைக்கலாம். குறளின் பொருட்பாலிலும் இதே செல்வம் உண்டு. பகலில் காக்கை ஆந்தையை வெல்லும் என்பது 481ஆம் குறள். நாங்கள் அடித்தளமாக எடுத்துக்கொண்டது, டேவிட் ஒயிட் 2003இல் தொடங்கிய 'பேட்டில் ஃபார் வெஸ்நாத்' என்னும் இலவச விளையாட்டு. அதில் ஒருவகைப் படைகள் பகலில் 25 விழுக்காடு கூடுதலாகத் தாக்கும், இரவில் அதே அளவு குறைவாகத் தாக்கும். மற்றொரு வகைக்கு இது தலைகீழாக நடக்கும். குறளும் விதியும் கைவிரலும் மோதிரமும் போலப் பொருந்தின. மயிலிறகேயானாலும் அளவுக்கு மீறி ஏற்றினால் வண்டியின் அச்சு முறியும் என்ற 475ஆம் குறள், சரக்கு வண்டி உள்ள எந்த விளையாட்டுக்கும் பொருந்தும்.

கிருஷ்ணகிரிப் பகுதிக்கு வரலாறே இரண்டு பழமொழிகளைக் கொடுத்தது. 1791 நவம்பரில், மூன்றாம் மைசூர்ப் போரின்போது, மாக்ஸ்வெல் தலைமையில் வந்த ஆங்கிலப் படை இங்கே கீழ்க்கோட்டையைப் பிடித்தது; மேலே இருந்தவர்கள் பாறைகளை உருட்டிவிட்டதால் மலையுச்சியைப் பிடிக்க முடியாமல் திரும்பியது. "உயரத்தில் இருப்பவனுக்குக் கல்லே பீரங்கி" என்பது அதிலிருந்து பிறந்தது. 1792இல் ஸ்ரீரங்கப்பட்டணம் உடன்படிக்கையில் இந்தப் பகுதியின் அன்றைய பெயரான பாராமகால் முழுவதும் ஆங்கிலேயர் கைக்குப் போனபோது அந்தக் கோட்டையும் சேர்ந்தே போனது. ஆகவே உடன்படிக்கைப் பொத்தானைத் தொடாமலே விளையாடுபவர்களுக்கு "ஏணி ஏறிப் பிடிக்க முடியாத கோட்டையைப் பேனா உட்கார்ந்தபடியே பிடிக்கும்" என்ற வரியை வைத்தோம். மேலே சொன்ன எல்லாவற்றிலும் எனக்கு மிகவும் பிடித்தது இதுதான், ஏனென்றால் ஊர்க்காரர் எவரும் இதைப் படித்துவிட்டு மலையை ஒருமுறை நினைத்துக்கொள்வார்.

பிறநாட்டுப் படைமொழிகளை எடுக்கும்போது சொல்லை விட்டுவிட்டுக் கருத்தை மட்டும் எடுத்துக்கொள்ளுங்கள். எதிர்த்து நிற்கும் பகைப்படையைச் சந்தித்த பிறகு எந்தத் திட்டமும் சொன்னபடி நிலைக்காது என்பது ஜெர்மானியத் தளபதி மோல்ட்கேயின் கருத்து. அதை அப்படியே எழுதினால் பாடநூல் வாசகமாகிவிடும். "போர்த்திட்டமும் கல்யாணப் பந்தியும் முதல் இலை விழும் வரைதான் சொன்னபடி நடக்கும்" என்று எழுதினால், பந்தி பரிமாறிய அனுபவம் உள்ள ஒவ்வொருவருக்கும் அதன் சூடு உறைக்கும். எதிரி உன் அம்பு எட்டும் தூரத்தில் இருந்தால் நீயும் அவன் அம்பு எட்டும் தூரத்தில்தான் இருக்கிறாய் என்பது ராணுவத்தினரிடையே வழங்கும் பழைய நகைமொழி. இது மட்டும் எந்த மாற்றமும் இல்லாமல் தமிழில் நிற்கிறது.

இனி மக்கள் கலையையும் திரைப்படத்தையும் சுட்டும் வரிகள். இங்கேதான் பலரும் வழுக்குகிறார்கள். சுட்டப்படுவதை அறியாதவருக்கும் அறிவுரை போய்ச் சேர வேண்டும், அறிந்தவருக்குக் கூடுதலாக ஒரு மகிழ்ச்சி கிடைக்க வேண்டும்; இந்த இரண்டு அடுக்கும் இல்லாத வரி ஒரு கூட்டத்துக்குள் மட்டும் புழங்கும் சைகையாகிவிடும். எங்கள் பக்கத்தில் கோடையில் பாரதக் கூத்து நடந்து, கடைசி நாள் காலையில் படுகளம் நடக்கும். மண்ணால் செய்து வண்ணம் பூசிய துரியோதனன் உருவம் திடல் முழுக்கப் படுத்திருக்கும். பீமனாக வேடமிட்டவர் அதைச் சுற்றிச் சுற்றி வந்து தொடையில் அடிப்பார். அந்த மண்ணின் ஈர வாசனையும், அடி விழும் கணத்தில் கூட்டம் மூச்சைப் பிடித்துக்கொள்வதும் எனக்கு இன்றும் நினைவிருக்கிறது. அதிலிருந்து எழுதியது: "துரியோதனன் எவ்வளவு பெரியவன் என்று அளக்காதே; தொடை எங்கே என்று பார்." பெரிய படையின் பலவீனமான பக்கத்தைத் தேடு என்ற விதி இதில் முழுமையாக இருக்கிறது, படுகளம் பார்க்காதவர்கூடப் புரிந்துகொள்கிறார்.

திரைப்படத்தைச் சுட்டும்போது ஒரு குறிப்பிட்ட வசனத்தைவிட எல்லாப் படங்களுக்கும் பொதுவான வழக்கத்தைப் பிடிப்பது நல்லது. வசனம் சில ஆண்டுகளில் பழசாகிவிடும், வழக்கம் நீண்ட நாள் தாங்கும். "துணைப்படையைச் சினிமாப் போலீஸாக வரவழைக்காதே" என்ற வரிக்கு விளக்கம் தேவைப்படவில்லை. "இடைவேளைக்கு முன் ஜெயித்தவன் படத்தை ஜெயித்தவன் அல்ல" என்பதும் அப்படித்தான். தொடக்கத்தில் நாலு ஊரைப் பிடித்துவிட்டு அலட்சியமாக இருப்பவருக்கு அது போதும். காலத்துக்கு முற்றிலும் பொருந்தாத வேடிக்கையை வைக்கவே வேண்டுமென்றால் அதைத் தேடி வருபவருக்கு மட்டும் கிடைக்கும்படி ஒளித்து வையுங்கள். 1999இல் வந்த 'ஏஜ் ஆஃப் எம்பயர்ஸ்' இரண்டாம் பாகத்தில் ஒரு ரகசியச் சொற்றொடரைத் தட்டினால் இடைக்காலப் போர்க்களத்தில் சுட்டுக்கொண்டே ஓடும் ஒரு கார் வந்து நிற்கும். 1995இல் வந்த 'வார்கிராஃப்ட்' இரண்டாம் பாகத்தில் ஒரே வீரனைத் திரும்பத் திரும்பச் சொடுக்கினால் அவன் எரிச்சலோடு பேசத் தொடங்குவான். தேடாதவருடைய ஆட்டத்தை இவை இரண்டும் கெடுப்பதில்லை.

பழமொழியின் கீழே சொன்னவர் பெயர் போடும் வழக்கம் உண்டு. அங்கே கற்பனைப் பெயரையோ பதவியையோ போடுங்கள்: "மூன்று கோட்டை இழந்த தளபதி", "கூத்துக் கட்டியங்காரன்", "யானைப்பாகனின் மனைவி". கட்டியங்காரனின் குரல் இதற்கு மிகவும் பொருத்தம், ஏனெனில் கூத்தில் அரசனைக் கேலி செய்யும் உரிமை அவனுக்கு ஏற்கெனவே இருக்கிறது. நீங்கள் எழுதிய வரியை வள்ளுவர் பெயரிலோ ஔவையார் பெயரிலோ ஒருபோதும் போடாதீர்கள். யாரோ ஒருவர் திரையைப் படமெடுத்துப் பரப்பிவிட்டால் பொய்க்குறள் ஒன்று ஊரெல்லாம் உலவும். அதைத் திரும்பப் பெற வழியில்லை. சாதி, மதம், குலதெய்வம், ஒரு ஊரின் பெயர் ஆகியவற்றை இழிவாகத் தொடும் வரியும் வேண்டாம். தோற்றுப்போன தளபதியையும் பேராசைக்கார அரசனையும் கேலி செய்வதற்கே வாழ்நாள் போதாது.

வரியின் நீளத்தைப் பொறுத்தவரை, தமிழ்ச் சொற்கள் நீளமானவை என்பதால் பத்துச் சொல்லுக்குள் நிறுத்துங்கள். நகைப்பு வரும் சொல் கடைசியில் வரட்டும். வாய்விட்டுப் படித்தால் மூச்சு வாங்கும் வரியை உடைத்துவிடுங்கள். முடிந்தால் ஆட்டக்காரர் செய்த தவற்றுக்கேற்ப வரியைக் காட்டுங்கள்: மலையேறித் தோற்றவருக்குக் கல் பீரங்கியும், பணம் தீர்ந்து தோற்றவருக்குக் கரும்புத் தோட்டமும் வர வேண்டும். காரணம் சொல்லாமல் தோற்றவரைப் பார்த்துச் சிரிக்கும் வரியை நான் ஏற்றுக்கொள்வதில்லை.

கடைசியாக எழுத்துரு. கோப்பை யுடிஎஃப்-8 (UTF-8) என்னும் எழுத்துக் குறியாக்க முறையில் சேமியுங்கள். விளையாட்டை உருவாக்க உதவும் மென்பொருள்களான எஞ்சின்கள் சிலவற்றில் தமிழ் எழுத்துகள் சேரும் முறை இயல்பாக இருக்காது. யூனிட்டி எஞ்சினில் எழுத்தைக் காட்டப் பரவலாகப் பயன்படும் டெக்ஸ்ட்மெஷ் புரோவில் கொம்பு எழுத்துக்கு முன்னால் நிற்காமல் பின்னால் போய் நிற்கும். கோடோ எஞ்சினில் 2023இல் வந்த நான்காம் பதிப்பிலிருந்து இது சரியாக அமைகிறது. "கோட்டை", "செருக்கு", "யானையை வெல்வோம்" என்ற மூன்றையும் திரையில் ஒருமுறை போட்டுப் பாருங்கள். மூன்றும் நேராக நின்ற பிறகு, விளையாடத் தெரிந்த ஒருவரிடமும் தெரியாத ஒருவரிடமும் முழுத் தொகுப்பையும் கொடுங்கள். மறுநாள் அவர்கள் எந்த வரியைத் தாங்களாகவே திருப்பிச் சொல்கிறார்கள் என்று கேட்டுக் குறித்துக்கொள்ளுங்கள். என் அக்கா மகள் மறுநாள் சொன்னது கரும்புத் தோட்டத்தை. அன்று சாயங்காலம் அவள் யானை வாங்கவில்லை, நாலு ஊரைப் பிடித்துவிட்டுத்தான் வாங்கினாள்.