ஊழிய வேலைகளுக்கு நடுவே ஜெபமும் வேதமும்

போதகரின் ஜெபநேரம் பெரும்பாலும் நல்ல வேலைகளுக்குள்தான் கரைந்துபோகிறது: கட்டடக் கணக்கு, கமிட்டிக் கூட்டம், வீடு சந்திப்பு. அப்போஸ்தலர் 6-ஆம் அதிகாரத்தின் சிக்கலும் இதுதான். அன்றாட விசாரணையில், அதாவது தினசரி உணவுப் பங்கீட்டில், கிரேக்கம் பேசிய யூத விதவைகள் விடுபட்டார்கள். குறை நியாயமானது. பன்னிரண்டு அப்போஸ்தலரும் அதைத் தட்டிக்கழிக்கவில்லை, தங்கள் தலையில் போட்டுக்கொள்ளவும் இல்லை. தாங்கள் ஜெபத்திலும் வசன ஊழியத்திலும் நிலைத்திருக்க, அதை ஏழு பேரிடம் ஒப்படைத்தார்கள். ஏழும் கிரேக்கப் பெயர்கள். குறைப்பட்டவர்களின் பாஷையும் நிலைமையும் தெரிந்தவர்களிடமே பொறுப்பு போனதுபோலத் தெரிகிறது.

ஆகவே முதலில் வேலையைக் குறையுங்கள். அதிகாலையில் எழுவதெல்லாம் பிறகு. ஒரு வாரம் செய்த வேலைகளை எல்லாம் எழுதி, வேறொருவர் செய்யக்கூடியவற்றைக் கோடிடுங்கள். ஒப்படைக்கும்போது மூன்றைத் தெளிவாகச் சொல்லுங்கள்: எவ்வளவு செலவு வரை அவரே தீர்மானிக்கலாம், எதற்கு உங்களைக் கேட்க வேண்டும், எப்போது தகவல் தர வேண்டும். அதிகாரம் கொடுக்காமல் வேலையை மட்டும் கொடுத்தால் ஒவ்வொரு சின்னக் கேள்வியும் உங்களிடமே திரும்பி வரும். யாத்திராகமம் 18-இல் மாமனார் எத்திரோ மோசேக்குச் சொன்னதும் இதே முறைதான்: பெரிய வழக்கு உன்னிடம், சிறியதை அவர்களே தீர்க்கட்டும்.

இனி நேரம். தினமும் ஒரே மணி, ஒரே இடம். தொடக்கத்தில் 30 நிமிடம் போதும். போன் வேறு அறையில் இருக்கட்டும். வேதாகமம் போனில்தான் என்றால் அச்சுப் பிரதிக்கு மாறுங்கள். பக்கத்தில் ஒரு வெற்றுத்தாள். "அவருக்குப் போன் செய்ய வேண்டும்" என்று மனம் ஓடும்போது அதில் குறித்துவிட்டு ஜெபத்துக்குத் திரும்புங்கள். சாவு, ஆஸ்பத்திரி என்றால் தயங்காமல் போங்கள். அந்த நேரத்தை அன்றைக்கே வேறொரு மணிக்கு மாற்றுங்கள்.

சபையில் 90 குடும்பங்கள் என்றால் ஆறு நாளுக்குப் பிரித்து நாளுக்கு 15. பெயர் சொல்லி ஒரு குறிப்பிட்ட தேவை, அவ்வளவே. "எல்லாரையும் ஆசீர்வதியும்" என்ற ஜெபத்தில் மனம் நிற்பதில்லை, நிற்க அதில் பிடி எதுவும் இல்லை. சொந்த வார்த்தை வறண்டுபோன நாளில் ஒரு சங்கீதத்தையே வசனம் வசனமாக ஜெபமாக்குங்கள். நாளுக்கு ஐந்து வீதம் 30 நாளில் 150-ஐயும் வாசித்துவிடலாம்.

வேதவாசிப்பில்தான் தலைவர்கள் அதிகம் ஏமாறுகிறார்கள். பிரசங்கத் தயாரிப்பு தனிவாசிப்புக்கு ஈடாகாது. "இது இன்னாருக்குப் பொருந்தும்" என்று தோன்றினாலே கண் சபைமேல் போய்விட்டது என்று அர்த்தம். எனவே இந்த மாதம் பிரசங்கிக்காத ஒரு புத்தகத்தை எடுங்கள். ஒரு அதிகாரம், இரண்டு முறை. பிறகு "நான்" என்று தொடங்கும் ஒரே வாக்கியம் எழுதுங்கள். பிரசங்கக் குறிப்பேடு அந்த மேசையில் இருக்கவே கூடாது.

நாட்கள் தவறினால் விட்ட அதிகாரங்களைச் சேர்த்து வாசிக்க முயலாதீர்கள். பாக்கி ஏறினால் வாசிப்பே நின்றுவிடும். இன்றைய பகுதியிலிருந்து தொடருங்கள். மாதத்துக்கு ஒருமுறை ஒரு மூப்பர் உங்களிடம் "தனியாக எத்தனை நாள் ஜெபித்தீர்கள்?" என்று கேட்கட்டும். நீங்கள் நடத்திய ஜெபக்கூட்டங்களை அந்தக் கணக்கில் சேர்க்காதீர்கள்.