சீட்டு கைக்குப் போவதற்கு முன்: முகவராக உட்காரப் போகிறவர்களுக்கு

அடுத்த தேர்தலுக்கு எங்கள் திருகோணமலைச் சாம்பல்தீவுப் பக்கத்தில் மூன்று பிள்ளைகள் வாக்களிப்பு நிலைய முகவராக, அதாவது கட்சியின் அல்லது வேட்பாளரின் சார்பில் நிலையத்துக்குள் இருந்து வாக்களிப்பைக் கவனிப்பவராக, போகச் சம்மதித்திருக்கிறார்கள். விறாந்தையில் இருத்தி அவர்களுக்குச் சொன்னதைத்தான் இங்கே எழுதுகிறேன்.

நான் முதன்முதலாக முகவராக இருந்தது 2010 ஜனாதிபதித் தேர்தலில், மூதூர்ப் பக்கத்து நிலையம் ஒன்றில். காலை ஒன்பது மணி போல ஒருவர் வந்தார். அடையாள அட்டையில் படம் மங்கியிருந்தது. வயதும் பொருந்தவில்லை என்று எனக்குப் பட்டது. அலுவலர் இலக்கத்தையும் பெயரையும் சத்தமாக வாசித்தார். பிழையாகச் சொல்லி அவமானப்படுத்திவிடுவேனோ என்று பேசாமல் இருந்தேன், என் வாக்காளர் இடாப்பில் அந்தப் பெயருக்குக் கோடும் போட்டேன். மத்தியானம் அதே பெயருக்கு ஒரு ஐயா வந்து நின்றார். 2006இல் சம்பூரிலிருந்து இடம்பெயர்ந்து கிளிவெட்டி முகாமில் இருந்தவர். உரிய அட்டை அவர் கையில் இருந்தது. அவருக்கு வேறு நிறத்தில் ஒரு சீட்டுக் கொடுத்தார்கள். அவர் அடையாளமிட்ட அந்தச் சீட்டு பெட்டிக்குள் போகவில்லை. பெயரும் இலக்கமும் எழுதித் தனி உறைக்குள் வைத்தார்கள். அது எண்ணிக்கையில் சேராது. "நான் போட்டது அந்தப் பெட்டிக்குள்ள போகாதா மகள்?" என்று அவர் என்னைத்தான் கேட்டார்.

அதனால் முதலில் இதைப் பிடித்துக்கொள்ளுங்கள்: ஆட்சேபத்தைச் சீட்டு வாக்காளரின் கைக்குப் போவதற்கு முன் சொல்ல வேண்டும். பெட்டிக்குள் விழுந்த சீட்டை ஒருவராலும் பிரித்தெடுக்க முடியாது. சந்தேகம் வந்தால் எழுந்து நின்று சிரேஷ்ட தலைமைதாங்கும் அலுவலரிடம் மட்டும் சொல்லுங்கள்: "சேர், இவருடைய அடையாளத்தில் எனக்கு ஆட்சேபம் இருக்கு. அந்தப் பெயருக்குரிய ஆள் தான்தான் என்று உறுதிமொழி வாங்கிப்போட்டு சீட்டைக் கொடுங்க." அவ்வளவுதான். வந்தவரோடு ஒரு வார்த்தையும் பேசக்கூடாது. அவரைக் கள்ளன் என்று சொல்லும் உரிமை உங்களுக்கு இல்லை, கேட்கச் சொல்லும் உரிமை இருக்கிறது. முடிவு அலுவலருடையது. முடிவு பிடிக்காவிட்டால் நேரம், இலக்கம், நடந்தது மூன்றையும் கொப்பியில் எழுதிக்கொள்ளுங்கள்.

சரி, இனிக் காலையிலிருந்து வருவோம். வாக்களிப்பு ஏழு மணிக்கு என்றால் ஆறேகாலுக்கு வாசலில் நில்லுங்கள். நியமனக் கடிதம், அடையாள அட்டை, இடாப்புப் பிரதி, இரண்டு பேனை, ஒரு அடிமட்டம். அடிமட்டம் சின்ன விஷயம் இல்லை. பின்னேரம் கண் சோரும் நேரத்தில் கோடு பக்கத்துப் பெயரில் விழாமல் காப்பது அதுதான். உடுப்பிலோ பையிலோ கட்சிச் சின்னம் இருக்கக்கூடாது. ஒரு பிள்ளை சாப்பாட்டைக் கொண்டு வந்த சொப்பிங் பையில் சின்னம் இருந்ததால், பையை வெளியில் வைத்துவிட்டு வரச் சொன்ன சம்பவம் எனக்குத் தெரியும். நிலையத்திலிருந்து அரைக் கிலோமீற்றருக்குள் அன்றைக்கு வாக்குக் கேட்பதே குற்றம். தொலைபேசியை வீட்டிலேயே விட்டுவிடுங்கள்.

தொடங்குமுன் பெட்டி வெறுமையாக இருப்பதை அங்கே இருப்பவர்களுக்குக் காட்டுவார்கள். கதிரையில் இருந்தபடி தலையாட்டாதீர்கள். கிட்டப் போய், குனிந்து, அடி மூலை வரைக்கும் பாருங்கள். மூடி முத்திரை வைத்தபிறகு விரும்பினால் உங்கள் முத்திரையையும் வைக்கலாம். பெட்டி இலக்கத்தையும், வந்த வாக்குச்சீட்டுகளின் தொகையையும் அப்பவே எழுதிக்கொள்ளுங்கள்.

இரகசியம் பேணும் உறுதிமொழியில் கையெழுத்து வைப்பீர்கள். அதை வாசித்துவிட்டு வையுங்கள். யார் வந்தார், யார் வரவில்லை என்று வாக்களிப்பு முடியும்வரை வெளியே ஒருவருக்கும் சொல்லக்கூடாது. மத்தியானம் கட்சிக்காரர் சோத்துப் பார்சல் தரும் சாக்கில், "வராத ஆக்களின்ர பேரைக் குறிச்சுத் தாங்கோ" என்று கேட்பார். கொடுக்காதீர்கள். அது சட்டத்துக்கும் பிழை, அதைவிட, எங்கள் மாவட்டத்தில் ஒரு வீட்டுக்காரர் வாக்களிக்க வரவில்லை என்ற செய்தி ஊருக்குள் எங்கெல்லாம் போய் முடியும் என்று நினைத்துப் பாருங்கள்.

கண் தெரியாதவர், நடக்க ஏலாதவர் வரும்போது கைகொடுக்க மனம் துடிக்கும். ஆனால் முகவர் உதவியாளராகப் போகக்கூடாது. உரிய சான்றிதழோடு அவரே கூட்டிவரும் ஆள் போகலாம், இல்லாவிட்டால் அலுவலர் பார்த்துக்கொள்வார். சீட்டில் அடையாளமிடும் மறைப்புப் பக்கம் போகவே வேண்டாம். தபாலில் வரும் வாக்காளர் அட்டை இல்லையென்று யாரையாவது திருப்பி அனுப்பப் பார்த்தால் சொல்லுங்கள், அது கட்டாயம் இல்லை. ஏற்றுக்கொள்ளப்பட்ட அடையாள ஆவணம்தான் கட்டாயம்.

மையையும் கவனியுங்கள். 2024 செப்டெம்பர் ஜனாதிபதித் தேர்தலில் இடது கைச் சின்னி விரலில் பூசினார்கள். நவம்பரில் பாராளுமன்றத் தேர்தல் வந்தபோது பழைய மை அழியாமல் இருந்ததால் ஆள்காட்டி விரலுக்கு மாற்றினார்கள். எந்த விரல் என்று காலையிலேயே கேட்டு வையுங்கள்.

பக்கத்து வாங்கில் வேறு கட்சிகளின் முகவராகக் கிண்ணியா முஸ்லிம் ஆளும் சேருவில சிங்கள ஆளும் இருக்கக்கூடும். காலையிலேயே பெயர் கேட்டுப் பழகிக்கொள்ளுங்கள். சிங்களத்தில் வாசித்த பெயர் விளங்காமல் போனால் அந்தச் சிங்கள முகவர்தான் உங்கள் இடாப்பில் விரலை வைத்துக் காட்டுவார். எனக்கு ஒரு சிங்களத் தம்பி நாள் முழுக்க அப்படிக் காட்டினார். அவருக்கு விளங்காத தமிழ்ப் பெயர்களை நான் காட்டினேன்.

முடியும் நேரம் வந்தவுடன் எழும்பிவிடாதீர்கள். பெட்டியின் வாய்க்கு முத்திரை வைப்பதைப் பாருங்கள். பாவித்த சீட்டு, பாவிக்காத சீட்டு, பழுதான சீட்டு மூன்றையும் கூட்டி, காலையில் எழுதிய தொகையோடு ஒத்துப் பாருங்கள். ஒரு சீட்டு வித்தியாசம் என்றாலும் கேளுங்கள். 2025 மே உள்ளூராட்சித் தேர்தலைப் போல அங்கேயே எண்ணுவதாக இருந்தால், இரவுச் சாப்பாட்டுக்கும் ஒரு பார்சல் கட்டிக்கொண்டு போங்கள்.