மின்னஞ்சல் முகவரியில் பெரிய எழுத்து, சிறிய எழுத்து: தவிர்க்க வேண்டிய தவறுகள்

மார்த்தாண்டத்தில் தேன் விற்கும் ஒருவர் கைப்பேசியில் தம் மின்னஞ்சல் முகவரியைக் கொடுத்து ஓர் இணையதளத்தில் பதிவு செய்கிறார். முதல் எழுத்தை விசைப்பலகை தானாகவே பெரிய எழுத்தாக்கிவிடுகிறது. மறுநாள் நாகர்கோவிலில் கணினி முன் அமர்ந்து அதே முகவரியைச் சிறிய எழுத்துகளில் கொடுத்தால், அப்படியொரு கணக்கே இல்லை என்று பதில் வருகிறது. எழுத்தில் பெரியது சிறியது என்ற பிரிவே இல்லாத தமிழில் எழுதிப் பழகியவருக்கு இதன் காரணம் எப்படிப் புரியும்? இது அவருடைய பிழையன்று, நிரல் எழுதியவரின் பிழை.

அட் குறிக்குப் (@) பின்வரும் டொமைன் பெயரில், அதாவது சேவையின் பெயரைக் குறிக்கும் பகுதியில், இந்த வேறுபாடு ஒருபோதும் கிடையாது. முன்வரும் பெயர்ப் பகுதியை எழுத்து வேறுபாடு மாறாமல் கையாள வேண்டும் என்று மின்னஞ்சல் பரிமாற்ற விதிகளைக் கூறும் இணையத் தர ஆவணமான, 2008இல் வெளியான ஆர்.எஃப்.சி. 5321 விதிக்கிறது; ஆனால் அந்த வேறுபாட்டை நம்பி முகவரிகளை வழங்குவது விரும்பத்தக்கதன்று என்றும் அதே ஆவணம் சொல்கிறது. ஜிமெயில் உள்ளிட்ட பெரிய சேவைகள் வேறுபாடு பார்ப்பதில்லை. எனினும், முடிவு செய்யும் உரிமை அஞ்சலைப் பெறும் சர்வருக்கு மட்டுமே உண்டு.

ஆகவே, உள்நுழைவின்போது எழுத்துக்கு எழுத்து ஒப்பிடுவது முதல் தவறு. அதைத் திருத்தப் புகுந்து, எல்லா முகவரிகளையும் சிறிய எழுத்தாக்கிச் சேமித்து, மூல வடிவத்தை அழித்துவிடுவது அதைவிடப் பெரிய தவறு என்பேன். ஏனெனில் வேறுபாடு பார்க்கும் சர்வர் அரிதாக ஒன்று எதிர்ப்பட்டாலும் அஞ்சல் போய்ச் சேராது, அழிந்த வடிவத்தை மீட்கவும் வழியிருக்காது. தரவுத்தளத்தில், பயனர் கொடுத்தபடியே ஒரு புலத்திலும், ஒப்பிடுவதற்கான சிறிய எழுத்து வடிவத்தை இன்னொரு புலத்திலும் வைத்து, இரண்டாவதற்கு மட்டும் தனித்துவக் கட்டுப்பாடு (ஒரே மதிப்பு இருமுறை இடம்பெறக் கூடாது என்ற விதி) விதிக்க வேண்டும். பழைய தளமாயின், எழுத்து அளவில் மட்டும் வேறுபடும் கணக்குகள் ஏற்கெனவே இருக்கக்கூடும். அவற்றை நிரலே இணைத்துவிடக் கூடாது. இரு முகவரிகளுக்கும் அஞ்சல் அனுப்பி, இரண்டும் ஒருவருடையவைதாம் என்று உறுதி செய்த பின்னரே இணைக்க வேண்டும்.

முகவரியின் பெயர்ப் பகுதியிலுள்ள புள்ளிகளை நீக்கிவிட்டு ஒப்பிடுவோரும் உண்டு. அது ஜிமெயிலின் வழக்கம்; பிற சேவைகளுக்குப் பொருந்தாது.

கடவுச்சொல் மீட்பில் கூடுதல் கவனம் வேண்டும். துருக்கி மொழியின் புள்ளியில்லாத 'ஐ' (ı) பெரிய எழுத்தாக மாறும்போது ஆங்கில 'ஐ' (I) ஆகிவிடுவதால், வெவ்வேறான இரு முகவரிகள் ஒன்றுபோல் தோன்றிவிடலாம். எனவே மீட்பு இணைப்பை, அப்போது தட்டச்சு செய்த முகவரிக்கு அனுப்பாமல், தரவுத்தளத்தில் உள்ள முகவரிக்கே அனுப்ப வேண்டும்.

படிவத்தில் முகவரி கேட்கும் பெட்டியை நிரலில் மின்னஞ்சல் வகையாகக் குறித்தால், கைப்பேசி விசைப்பலகை முதல் எழுத்தைப் பெரிதாக்காது. அட் குறியும் கைக்கெட்டும் இடத்தில் வந்து நிற்கும்.