இது டயடெமா செட்டோசம்தானா? நீள்முள் கடல் முள்ளெலியை அடையாளம் காணும் முறை

திருகோணமலைக் கடலில் நான் எடுத்த நாற்பது படங்களில் இனப்பெயர் சொல்லத்தக்கவை மூன்றே. மற்றவை பக்கவாட்டில் எடுக்கப்பட்டதால் முட்களைத் தவிர வேறெதுவும் தெரியவில்லை. கறுத்து நீண்ட முட்கள் டயடெமா என்ற பேரினம் வரைக்குமே நம்மைக் கொண்டுசேர்க்கும்.

ஆகவே முதலில் நேர் மேலிருந்து பாருங்கள். உடலின் உச்சியில் குமிழ் போன்ற மலவாய்ப் பை இருக்கும். அதன் திறப்பைச் சுற்றி ஆரஞ்சு வளையம் தெரிந்தால் அது செட்டோசம். அதன் நெருங்கிய உறவான டயடெமா சவிக்னியில் அந்த வளையம் இராது. மாறாக, மினுங்கும் நீலக் கோடுகள் உச்சியைச் சூழ்ந்து ஓடும். செட்டோசத்தில் அந்நீலம் புள்ளிகளாகவே நிற்கும். செட்டோசத்தின் உச்சியைச் சுற்றியுள்ள ஐந்து வெள்ளைப் புள்ளிகளை மட்டும் நம்பி நான் ஏமாந்தேன். அவை சவிக்னியிலும் தென்படுவதுண்டு என்பதால் துணைச் சான்றாக மட்டுமே கொள்ளுங்கள்.

என்னை அதிகம் அலைக்கழித்தது நிழல். நம் நிழல் பட்டவுடன் இவ்வுயிர் முட்களை அத்திசையில் திருப்பிவிடுவதால், கேமரா முள்முனைகளையே குவிமையமாகப் பிடித்துக்கொள்கிறது. வெயில் நமக்கு எதிரே இருக்குமாறு மிதந்து, பை உள்ளே சுருங்கியிருந்தால் அது மீண்டும் உப்பும் வரை காத்திருக்க வேண்டும். உறையிலிட்ட கைபேசியைவிட, அண்மைப்படம் எடுக்கவல்ல சிறிய நீரடிக் கேமராவும் ஒரு டார்ச்சும் எவ்வளவோ மேல். தொடாதீர்கள்: முள் தோலுக்குள் ஒடியும், அதில் இலேசான நஞ்சும் உண்டு.

அடுத்தது பரவல். 1778இல் இயற்கையியலாளர் லெஸ்கே பெயரிட்ட செட்டோசம் செங்கடல், கிழக்கு ஆப்பிரிக்கா முதல் ஜப்பான், ஆஸ்திரேலியா வரை வாழ்கிறது. 2006இல் துருக்கியின் காஷ் அருகே மத்தியதரைக் கடலிலும் காணப்பட்டது; 2022இல் அக்கடலின் கிரேக்க, துருக்கிக் கரைகளில் கூட்டமாக மடிந்தது. உயிரினப் பதிவுகளைத் திரட்டும் உலகளாவிய இணையத் தரவுத்தளமான ஜிபிஐஎஃப் (GBIF) வரைபடத்தில் படமுள்ள பதிவுகளை மட்டும் வடிகட்டிப் பாருங்கள். பழைய பதிவுகளில் செட்டோசமும் சவிக்னியும் குழம்பிக் கிடக்கின்றன.

பிற்சேர்க்கை: வரிமுள் (பட்டை பட்டையாக நிறம் மாறும் முள்) கொண்ட முள்ளெலியின் படமொன்றை வாசகர் ஒருவர் அனுப்பியிருந்தார். டயடெமாவின் குஞ்சுகளுக்கும் வரிமுள் உண்டு. ஆனால் தடித்த முட்களுக்கிடையே ஊசி போன்ற குட்டை முட்களும் இருந்தால் அது எக்கினோதிரிக்ஸ் என்ற வேறொரு முள்ளெலிப் பேரினம். வளையமும் கோடுகளும் ஒருங்கே தெரிந்தால் கலப்பினமாக இருக்கக்கூடும் என்பதால், பேரினப் பெயரோடு நிறுத்திவிடுங்கள்.